மேலுதடு

செவ்வாய்க்கிழமை எங்கள் ஊரில் சலூன் திறக்காது. வெள்ளிக்கிழமை திறந்திருக்கும், ஆனால் பெருமாள் ஊரில் வெள்ளிக்கிழமை தலையைக் கொடுக்க யார் வருவார்? சனிக்கிழமையும் அப்படித்தான். அமாவாசை, கிருத்திகை, பிறந்த கிழமை என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனால் சவரத் தொழிலாளிக்கு வாரத்தில் மிஞ்சுவது மூன்று நாள், அதிகம் போனால் நாலு. ஸ்ரீமுஷ்ணத்தில் அப்பாவின் வெள்ளிக்கிழமையைக் காப்பாற்றியவர்கள் பாய்மார்கள். ஜும்ஆ தொழுகைக்கு முன்னால் ஒருவர் பின் ஒருவராக வருவார்கள். பெஞ்சில் இடமிருக்காது. பள்ளிக்கூடம் கிளம்புமுன் வெந்நீர் வைத்துக் கொடுப்பதும், நுரை வழிக்கத் தினத்தந்தியைச் சதுரம் சதுரமாகக் கிழித்து ஆணியில் குத்தி வைப்பதும் என் வேலை.

தாடி வைத்தவனுக்குக் கத்தி வேண்டாம் என்று ஊர் நினைக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் அந்தக் கடையில் நின்றவனுக்கு அப்படித் தோன்றாது. முழுத் தாடி வைத்து மீசையை மட்டும் எடுத்துவிடுகிறவரைப் போலக் கத்திக்கு வேலை வைக்கிறவர் வேறு யாருமில்லை. முழுச் சவரம் செய்கிறவன் ஒருநாள் விட்டால் சோம்பேறித்தனம் என்று போய்விடும். மீசை மட்டும் வைத்தவன் ஒரு வாரம் விட்டாலும், மாலை போட்டிருக்கிறாரோ, வீட்டுக்காரி முழுகாமல் இருக்கிறாளோ என்று ஊரே காரணம் கண்டுபிடித்துக் கொடுக்கும். தாடிக்கு மேலே உதட்டை மழித்துக்கொள்கிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது. நாலு நாள் விட்டால் போதும், மூக்குக்குக் கீழே கறுத்து, மேலும் கீழும் ஒன்றாகி, சாதாரணத் தாடிக்காரராகிவிடுவார்.

பெரிய பிரஷ்ஷை அப்பா அவர்களுக்கு எடுக்கமாட்டார். நுரை தாடியில் பட்டால் அலசித் துடைத்து உலர்த்த வேண்டும், நேரம் போகும். ஆட்காட்டி விரலால் சோப்பைத் தொட்டு மேலுதட்டில் மட்டும் தேய்ப்பார். அதற்கு முன்னால் சீப்பை வைத்து, அதன்மேல் கத்தரியை ஓட்டி மீசையைத் தரையோடு குறைத்திருப்பார். பிறகு மூக்கு நுனியை இடதுகைக் கட்டைவிரலால் லேசாகத் தூக்கிப் பிடித்து, மூக்குக்குக் கீழே இருக்கும் பள்ளத்தில் கத்தியின் முனை மட்டும் இறங்கும்படி மேலிருந்து கீழாக இரண்டே இழுப்பு. எதிர்ச்சவரம் அங்கே கூடாது. உதட்டோரம் கிழிந்தால் ரத்தம் நிற்க நேரமாகும். தொழுகைக்குப் போகிறவருக்கு அது பெரிய தொல்லை.

மீசை தாடியோடு சேருகிற வாய்க்கோடி இருக்கிறதே, சிரமம் அங்கேதான். கொஞ்சம் அதிகமாக எடுத்துவிட்டால் தாடி ஒட்டவைத்தது போல ஆகிவிடும். குறைவாக எடுத்தால் வாயின் இருபுறமும் மீசையின் வால் தொங்கும். அப்பா வாயை மூடச் சொல்வார், சிரிக்கக்கூடாது என்பார், கோடியிலிருந்து கண்ணாலேயே நேராக ஒரு கோடு இறக்குவார். கீழுதட்டுக்கு அடியில் இருக்கிற சின்னக் குச்சத்தைத் தொடவே மாட்டார். அதுவும் தாடிக் கணக்கு என்று பள்ளிவாசல் அஜரத் ஒருமுறை சொல்லிவிட்டிருந்தார். கன்னத்தில் ஏறி வளர்கிற மயிரைச் சிலர் எடுக்கச் சொல்வார்கள், சிலர் அதில் கத்தி படவே கூடாது என்பார்கள். இன்னாருக்கு இன்னபடி என்பது அப்பாவுக்கு மனப்பாடம். கேட்கமாட்டார்.

சோப்புக் கிண்ணம் விருத்தாசலத்தில் இருந்து வந்தது. பெரியப்பா மகன் அங்கே செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் இருந்தான். மின்கம்பத்துக்கும் வீட்டு மீட்டர் பலகைக்கும் போகிற பியூஸ் கேரியர், கொலு பொம்மை, அகல் விளக்கு எல்லாம் அந்த ஊர்ச் சூளைகளில் வெந்து வரும். மெருகு சரியாக ஏறாமல் கழித்துப் போட்ட கிண்ணங்களைச் சும்மாவே அள்ளிக்கொண்டு வருவான். வெள்ளைக் கிண்ணத்தில் ஓரிடத்தில் மட்டும் சொறி பிடித்த மாதிரி மெருகு விட்டிருக்கும். அந்தச் சொரசொரப்பில் அப்பா விரலைத் தேய்த்து நுரை எழுப்புவார். விருத்தாசலம் பஸ்ஸில் ஏறினால் இன்றும் எனக்கு முதலில் அந்தக் கிண்ணம்தான் ஞாபகம் வரும், பழமலைநாதர் கோபுரம் பிறகுதான்.

அஜரத் என்றேனே. மெலிந்த மனிதர், மருதாணி போட்டுச் சிவந்த தாடி. நரையைக் கறுப்பாக்கக்கூடாது, மருதாணியால் சிவப்பாக்கலாம் என்பது அவர்கள் முறை. முகத்தை மூடிய துண்டுக்குள்ளிருந்தே பாடம் நடத்துவார். மீசையைக் குறையுங்கள், தாடியை வளரவிடுங்கள் என்பது நபிகள் சொன்னது. எவ்வளவு குறைப்பது என்பதில்தான் இமாம்களுக்குள் பேச்சு. உதட்டின் விளிம்பு தெரிகிற அளவுக்குக் கத்தரித்தால் போதும் என்பது ஷாஃபி வழி. ஒட்ட எடுத்துவிடுவதே மேல் என்பது அபூஹனீஃபாவின் வழியில் வந்தவர்கள் சொன்னது. இமாம் மாலிக்கோ மீசையை அடியோடு மழிப்பது முகத்தைச் சிதைப்பது, அப்படிச் செய்கிறவனைத் தண்டிக்க வேண்டும் என்கிற அளவுக்குப் போனவர். அப்பா கத்தியை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு, "இப்ப நான் எடுக்கட்டுமா, வேண்டாமா அஜரத்?" என்பார். "நாம ஹனஃபிப்பா, நீ எடு" என்று துண்டுக்குள்ளிருந்து பதில் வரும்.

ராவுத்தர்கள் ஹனஃபி, கடற்கரையோர மரைக்காயர்கள் ஷாஃபி. எங்களூர் உள்நாடு. கிழக்கே போகப்போக, பரங்கிப்பேட்டைப் பக்கம், மேலுதட்டில் மெல்லியதாக ஒரு கோடு விட்டிருக்கிற முகங்கள் கூடுதலாகத் தென்படும் என்பது அப்பாவின் கணிப்பு. அதை ஆய்வு முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம், சவரக்காரர் ஒருவரின் பஸ் பயணக் குறிப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

நீளத்துக்கு அளவுகோல் கைப்பிடி. நபித்தோழர் இப்னு உமர் ஹஜ்ஜிலோ உம்ராவிலோ தாடியைக் கையால் பிடித்து, பிடிக்கு வெளியே நீண்டதை வெட்டுவார் என்று வருகிறது. அதை வைத்துத்தான் ஒரு பிடி. யார் கைப்பிடி என்பது எனக்கு அப்போதே ஒரு சந்தேகம். அப்பா தன் கையால் பிடிக்கமாட்டார். "நீங்களே பிடிங்க பாய்" என்பார். மோவாய்க்குக் கீழே அவர் பிடிப்பார், பிடிக்கு வெளியே தொங்குவதை அப்பா ஒரே நறுக்கில் எடுப்பார். அளவு எடுத்த கைக்கும் வெட்டிய கைக்கும் பொறுப்பு இப்படித் தெளிவாகப் பிரிந்திருந்ததால் அந்தக் கடையில் நீளத்துக்காகச் சண்டை வந்து நான் பார்த்ததில்லை.

சண்டை மாதிரி ஒன்று வந்தது வேறொரு விஷயத்தில். ஜவுளிக்கடை ராவுத்தர் மகன், காலேஜ் முடித்த பையன், ஜமாஅத்தில் நாற்பது நாள் போய்விட்டுத் திரும்பியிருந்தான். 1920களில் வடக்கே மேவாத்தில் மௌலானா இல்யாஸ் தொடங்கிய தப்லீக் அலை எங்கள் வெள்ளாற்றுக் கரைக்கும் வந்து சேர்ந்திருந்த காலம். மூன்று நாள், நாற்பது நாள், நாலு மாதம் என்று பையன்கள் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு போவார்கள். வரும்போது தாடியோடு வருவார்கள். இவனுக்கு அதுவரை ஊரே பார்த்துப் பொறாமைப்பட்ட மீசை. நாற்காலியில் உட்கார்ந்து, "எடுத்துடுங்கண்ணே" என்றான்.

அப்பா கத்தியைத் தொடவில்லை. "அத்தா நல்லாருக்காங்கல்ல தம்பி?"

"நல்லாருக்காங்கண்ணே. கடையிலதான் இருக்காங்க. ஏன்?"

பெஞ்சில் இருந்த கிழவர் ஒருவர் புரிந்துகொண்டு சிரித்தார். "எடுப்பா. நாங்க சாவுக்கு எடுக்கறவங்க இல்ல."

எங்கள் பக்கம் அப்பன் செத்தால்தான் மகன் மீசையைக் கொடுப்பான். கருமாதி அன்று குளத்தங்கரையில் தலையும் மீசையும் ஒன்றாக இறங்கும். ஆறு மாதம் கழித்து எதிர்ப்படுகிறவர்கூட மேலுதட்டைப் பார்த்தே யாருக்கு என்ன என்று விசாரிப்பார். ஆகவே உயிரோடிருக்கிற அப்பனின் மகனுக்கு, அதுவும் கல்யாணமாகாத பையனுக்கு, மீசையில் கத்தி வைக்க அப்பாவுக்குக் கை வரவில்லை. பாய்மார்களில் வயதானவர்களுக்கு எடுத்த கைதான். அவர்கள் முகத்தை அவர் அப்படியே பார்த்துப் பழகியவர். இவன் முகம் அவர் கண்ணெதிரே மீசை முளைத்த முகம். கடைசியில் எடுத்தார். எடுத்து முடித்துப் படிகாரத்தைத் தேய்த்துவிட்டு, காசு வாங்க மறுத்துவிட்டார். முதல் மீசைக்கும் கடைசி மீசைக்கும் காசு வாங்கக்கூடாது என்று அப்போதே ஒரு சாஸ்திரம் உண்டாக்கினார். அதற்கு முன்னும் பின்னும் அந்தச் சாஸ்திரத்தை யாரும் கேள்விப்பட்டதில்லை.

அப்பா போனபோது என் மீசையை எடுத்தது சித்தப்பா. பதினாறு முடிந்த அடுத்த வெள்ளிக்கிழமை கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், தொழில் செய்ய அல்ல, வருகிறவர்களுக்குச் சொல்லி அனுப்ப. அந்தச் சிரித்த கிழவர் வந்தார். என் உதட்டைப் பார்த்தார். "பாதி வேலை முடிஞ்சிருக்கு. கீழ மட்டும் வளத்துடு, அப்புறம் இந்த பெஞ்சுல நீயும் உக்காரலாம்" என்றார். சொல்லிவிட்டு அவரே அழ ஆரம்பித்துவிட்டார். ஒரே வழுக்கை உதடு, அவருக்கு நபிவழி, எனக்குத் தீட்டு.

தமிழ்நாட்டில் மீசைக்கு இருக்கிற செல்வாக்கு வேறெதற்கும் இல்லை. சவாலும் அதில்தான், சத்தியமும் அதில்தான். வள்ளுவருக்கு முகம் எப்படி என்று யாருக்கும் தெரியாது; வேணுகோபால் சர்மா வரைந்தபோது தாடியோடு மீசையையும் சேர்த்தே வரைந்தார், வேறு விதமாக வரைந்திருந்தால் நாடு ஏற்றிருக்குமா என்பது சந்தேகம். பாரதியார் அக்கிரகாரத்தில் மீசை வைத்ததே ஒரு பிரகடனம். பெரியார் தாடியைப் பேசுகிறவர்கள் மீசையைத் தனியாகப் பேசுவதில்லை, அது அதனோடு சேர்த்தி. இப்படிப்பட்ட ஊரில் ஒருவர் தாடியை வைத்துக்கொண்டு மீசையை மட்டும் மனமறிந்து கொடுத்துவிடுகிறார் என்றால் அது சின்னக் காரியமில்லை. யாரும் அதை வீரம் என்று சொல்லமாட்டார்கள். நான் சொல்லுவேன்.

இதற்கு நேர்எதிராக, மீசையை விட்டுத் தாடியைக் கேட்ட அரசாங்கமும் இங்கே இருந்திருக்கிறது. 1805 நவம்பரில் கம்பெனியின் சென்னைப் படைத் தளபதி ஜான் கிரடாக் காலத்து உத்தரவு: சிப்பாய்கள் அணிவகுப்பில் நெற்றிக்குறி, கடுக்கன் போடக்கூடாது, மோவாயைச் சுத்தமாக மழிக்க வேண்டும், மீசை எல்லோருக்கும் ஒரே மாதிரி வெட்டப்பட வேண்டும். தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகையும் அதனோடு சேர்ந்துகொண்டது. 1806 ஜூலை 10 விடியற்காலை வேலூர்க் கோட்டை வெடித்தது. அந்தக் கலகத்துக்குக் காரணங்கள் பல; கோட்டைக்குள் திப்புவின் குடும்பம் இருந்தது அதில் ஒன்று. ஆனாலும் பாடப்புத்தகத்தில் தலைப்பாகை ஒரு பத்தி வாங்கிக்கொள்ள, மோவாய்க்கு அரை வரிதான் கிடைத்தது என்று எனக்குக் குறை உண்டு. உத்தரவு அந்த ஆண்டே திரும்பப் பெறப்பட்டது. கிரடாக்கும் கவர்னர் வில்லியம் பெண்டிங்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள். அந்த உத்தரவை எந்த நாவிதன் நிறைவேற்றியிருப்பான், எந்தக் கையோடு நிறைவேற்றியிருப்பான் என்று யோசிப்பேன். பட்டாளத்தோடு போன நாவிதர்களும் நம் ஆட்கள்தானே.

வெள்ளைக்காரன் தன் முகத்தையும் விட்டுவைக்கவில்லை. பிரிட்டிஷ் ராணுவத்தில் 1860லிருந்து 1916 அக்டோபர் வரை மேலுதட்டை மழிக்கக்கூடாது என்பது சட்டம். முதல் உலகப்போரின் நடுவில்தான் எடுத்தார்கள். ராணுவத்துக்கும் மீசைக்கும் இருந்த இந்த ஒட்டுறவாலேதான் அமெரிக்காவின் ஆமிஷ் கிறிஸ்தவர்கள் மீசையை வேண்டாமென்றார்கள் என்று சொல்வதுண்டு. போர் செய்யாத கூட்டம் அது. கல்யாணமானவுடன் தாடி வளர்ப்பார்கள், மேலுதடு மட்டும் என்றும் வழவழப்பு. அவர்கள் படத்தை முதலில் பார்த்தபோது தொப்பியை எடுத்துவிட்டு எங்கள் கடைப் பெஞ்சில் உட்காரவைத்துப் பார்த்தேன். பொருந்தியது.

அதற்கும் முன்னால் பொருந்தியவர் ஆபிரகாம் லிங்கன். சரித்திரப் புத்தகத்தில் அவர் படத்தைப் பார்த்த அப்பா, "இவரு எந்த ஊரு பாய்?" என்றார். வாய்க்கோடியை நகத்தால் தடவிப் பார்த்தார். "நல்லா எறக்கியிருக்கான்." லிங்கன் 1860 அக்டோபர் வரை தாடியில்லாத மனிதர். நியூயார்க் மாநிலத்தில் வெஸ்ட்ஃபீல்டு என்கிற ஊரிலிருந்து கிரேஸ் பெடல் என்ற 11 வயதுச் சிறுமி, முகம் ஒடுங்கியிருக்கிறது, தாடி வைத்தால் நன்றாயிருக்கும், பெண்கள் தம் கணவர்களை ஓட்டுப் போடச் சொல்வார்கள் என்று எழுதினாள். வளர்த்தார். அடுத்த பிப்ரவரியில் பதவியேற்கப் போகும் வழியில் ரயிலை நிறுத்தி அவளைப் பார்த்துவிட்டும் போனார். தாடி வைத்த முதல் அமெரிக்க ஜனாதிபதி அவர்தான். இந்தக் கதையை அப்பாவிடம் சொன்னபோது, "புள்ள சரியா சொல்லியிருக்கு. மீசையும் வெச்சிருந்தா மூஞ்சி இன்னும் ஒடுங்கும்" என்றார். எனக்கு இது இன்றுவரை லிங்கனைப் பற்றிக் கேட்ட மிக உருப்படியான கருத்து.

2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மக்காவுக்குப் போய்வந்து தாடியோடு அதிகாரி முன் நின்ற காவலர் ஒருவரின் வழக்கில் தீர்ப்புச் சொன்னதைப் படித்தபோது அந்த ஜவுளிக்கடைப் பையன் முகம் வந்தது. 1957ஆம் ஆண்டு மெட்ராஸ் போலீஸ் கெஸட்டே முஸ்லிம் காவலர்கள் தாடி வைக்க இடம் கொடுத்திருக்கிறது என்று எடுத்துக்காட்டி, ஊதிய உயர்வை நிறுத்திய தண்டனையை ரத்து செய்து, மறுபடி பரிசீலிக்க அனுப்பினார் நீதிபதி விக்டோரியா கௌரி. விமானப்படையில் அப்படி நடக்கவில்லை. 2016 டிசம்பரில் அங்கிருந்த ஒருவரின் தாடி வழக்கை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இரண்டிலும் பேச்சு முழுக்கத் தாடியைப் பற்றி. மீசையை எடுத்தவனிடம் ஏன் எடுத்தாய் என்று எந்த மேலதிகாரியும் மெமோ கொடுப்பதில்லை. அதைக் கேட்டவர் என் அப்பா ஒருவர்தான்.

பக்ரீதுக்கு மறுநாள் கடையில் நிற்க முடியாது. குர்பானி கொடுக்கிறவர்கள் துல்ஹஜ் பிறை பார்த்ததிலிருந்து முடியோ நகமோ எடுக்கமாட்டார்கள். பத்து நாள் மேலுதடுகள் எல்லாம் மொத்தமாக வரும். அன்றைக்கு மட்டும் சித்தப்பாவும் வருவார். கத்தி போய் அரைப் பிளேடு வந்த பிறகும் அப்பா அன்று பழைய கத்தியைத் தோல்வாரில் தீட்டி எடுத்து வைத்துக்கொள்வார், பத்து நாள் மயிருக்குப் பிளேடு பத்தாது என்று. வருகிறவர்கள் கறி கொண்டுவருவார்கள். அம்மா அன்று காலையிலேயே மசாலா அரைத்து வைத்திருப்பாள்.

ஊர்ப் பெருமாள் வராக மூர்த்தி. தானாகத் தோன்றியவர் என்கிற எட்டுத் தலங்களில் ஒன்று. இடுப்பில் கை வைத்து, முகத்தை மட்டும் தெற்கே திருப்பி நிற்பார். கோரைக்கிழங்கில் செய்த பிரசாதம் இங்கேதான். வெளியூர்க்காரர்கள் கேட்டால் முதலில் நம்பமாட்டார்கள், அந்த பூவராகர் மாசி மகத்துக்குக் கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரி போகும்போது தைக்கால் தர்காவில் முஸ்லிம்கள் எதிர்கொண்டு பட்டும் மாலையும் கொடுப்பார்கள், பாத்தியா ஓதுவார்கள். ஒரு நவாபுக்கு வந்த தீராத நோய் பெருமாள் தீர்த்தத்தில் தீர்ந்து, அவர் நிலம் எழுதிவைத்தார் என்று கதை. பன்றி உருவத்தில் இருக்கிற சாமிக்கா என்று கண்ணை விரிக்கிறவர்களுக்கு எங்களூரில் யாரும் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பதில்லை.

ஒரு வருஷம் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். நாதசுரம், கூட்டம், வெயில். தர்கா வாசலில் பெரியவர்கள் தட்டோடு வரிசையாக நின்றார்கள். எல்லோரும் பெருமாளைப் பார்த்துக்கொண்டிருக்க, அப்பா அவர்கள் தாடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் தோளைத் தட்டினார். "அந்த மூணு பேருக்கும் ஒரே ஆள்தான் வெட்டியிருக்கான். வலது கன்னத்துல கோடு ஒரு நூல் மேல ஏறியிருக்கு பாரு. எடதுகைக்காரன்."

சாமி முழுக்குத்துறைக்கு நகர்ந்த பிறகும் நாங்கள் பின்னாலே போகவில்லை. அப்பா மூவரில் ஒருவரிடம் போய்க் கும்பிட்டு, கடை எங்கே என்று விசாரித்தார். கடைத்தெருவில் ஓலைச் சார்ப்பு, ஒரே நாற்காலி. இடதுகைக்காரர்தான். அப்பா தான் யார் என்று சொன்னதும் அவர் நாற்காலியைத் துடைத்து உட்காரச் சொன்னார், அப்பா பெஞ்சில்தான் உட்காருவேன் என்றார். கோடு ஏறியிருப்பதைச் சொல்லவே இல்லை. பிளேடு எங்கே வாங்குகிறீர்கள், மேலுதட்டுக்குத் தனியாகக் காசா, தாடியோடு சேர்த்தா என்று ஆரம்பித்தார்கள். அங்கே தனிக் காசு. அப்பாவுக்கு அது பெரிய செய்தி. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நான் இரண்டு முறை சட்டையை இழுத்தேன், "தனியாவா வாங்கறீங்க, எவ்ளோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.